எதிர்வீட்டுக் கருணை

டாக்டர் ஆவதற்கு மார்க் மட்டும் போதாது, மனசும் வேண்டும் என்று மேலிடத்தில் ஒருநாள் யாருக்கோ தோன்றிவிட்டது. தோன்றியதில் தப்பில்லை. நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, நீட்டிய நாக்கை உள்ளே போடச் சொல்ல மறந்து, அடுத்த ஆளைக் கூப்பிடுகிற டாக்டரிடம் ஒரு தடவையாவது மாட்டிக்கொண்டு முழித்தவர்கள்தானே நாம் எல்லோரும்? ஆகவே அறிவிப்பு வந்த அன்றைக்குத் தெருவே கை தட்டியது.

அறிவிப்பு இப்படி இருந்தது: "மருத்துவக் கல்வியில் சேர விழையும் மாணாக்கர் யாவரும், பாடப் புத்தகத்திற்கு அப்பாற்பட்ட செயல்பாடுகளின் வாயிலாகத் தம் உள்ளத்தில் கருணை ஊறியிருப்பதை, உரிய சான்றுகளுடன் நேர்காணலில் மெய்ப்பிக்கக் கடவர்."

கை தட்டி முடித்த பிறகுதான் 'உரிய சான்றுகளுடன்' என்ற இடம் எல்லோர் கண்ணிலும் பட்டது.

டைலரம்மா கண்ணிலும் பட்டது. ஆனால் அவள் அசரவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கை அது. ஜூன் மாதக் கூட்டத்தையே சமாளிக்கிறவளுக்குக் கருணை எம்மாத்திரம்? அதுவும் அவள் வீட்டில் கருணை கொட்டிக் கிடந்தது. மாமனார் தபால் ஆபீஸில் காலமெல்லாம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கிலிருந்து அவருக்கு எல்லாம் பேத்திதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு, தாத்தாவின் கையைப் பிடித்து நீவிவிடுவாள். முகம் மழித்து, நகம் வெட்டி, சட்டைப் பித்தான் போட்டு, பேப்பர் படித்துக் காட்டுவாள். அவர் திட்டினால் திருப்பித் திட்டுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. தாத்தா படுத்த அன்றைக்கே, "நான் டாக்டராகணும்மா" என்று சொன்ன பெண். வேறு எந்தப் படிப்பின் பேரும் அவள் வாயில் வந்ததில்லை. மார்க்கும் வந்துவிட்டது. பாக்கி இருந்தது நேர்காணல் மட்டும்.

"ஒரு சர்டிஃபிகேட்தானே? போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று டைலரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மருத்துவக் கல்வி ஆபீஸில் கருணைப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் 'முதியோருக்கும் நோயாளிகளுக்கும் முன்னுரிமை' என்று எழுதி, அதற்குக் கீழே 'இயங்காது' என்றும் எழுதியிருந்தார்கள். மூச்சு வாங்க ஏறிப் போனால், சரிபார்ப்பு அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"யாருக்குச் சேவை?"

"என் மாமனாருக்குங்க. பொண்ணுக்குத் தாத்தா."

அதிகாரி பேனாவை மூடினார்.

"அப்ப அது சேவை இல்லம்மா."

"பின்ன என்னங்க?"

"பாசம்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"என்னம்மா நீங்க, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க! பாசம் வீட்டுக் கணக்கு. கருணை அரசாங்கக் கணக்கு. ரெண்டையும் கலந்தா ஆடிட்ல என் கழுத்துக்கு வரும்."

"ரெண்டு வருஷமா செய்யறா சார். ஒரு நாள் விட்டதில்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். யாரும் சொல்லாம, யாரும் மேற்பார்வை பார்க்காம, ரெண்டு வருஷமா செஞ்சிருக்கா. அப்ப அது பழக்கம். பல்லு விளக்கறதுக்கு யாராவது மார்க் போடுவாங்களா?"

டைலரம்மாவுக்கு ஒரு கணம் தன் பெண் ஏதோ தப்புத் தண்டாவில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. "சரிங்க, இனிமே என்ன செய்யணும்?"

அதிகாரி விரலை மடக்கிச் சொன்னார். நோயாளிக்கும் சேவை செய்பவருக்கும் இரத்த உறவு இருக்கக் கூடாது. நோயாளியின் வீட்டார் கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டும். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே நோயாளியாக இருக்க வேண்டும்.

"நடுவுல நோயாளிக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"இறந்துட்டாரா? கவலையே இல்ல. அதுக்கு விதி இருக்கு. அதுவரைக்கும் செஞ்சது செல்லும்."

"குணமாயிட்டா?"

அதிகாரி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். "குணமாகறதுக்கு விதி இல்லம்மா. நோயாளி இல்லேன்னா சேவை இல்ல. வேற நோயாளி பிடிச்சு மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எதுக்கு வம்பு? குணமாகாத ஆளா பார்த்துப் பிடிச்சுக்குங்க."

*

இந்த மாதிரி நேரத்தில் ஜனங்கள் போகிற இடம் ஒன்று உண்டு. கடைத்தெருவில் முன்பு வீட்டுப் புரோக்கராக இருந்தவர் இப்போது 'ஆளுமைச் செதுக்ககம்' வைத்திருந்தார். பழைய பலகைக்கு மேலேயே புது வர்ணம் அடித்திருந்ததால், 'கருணை, தலைமை, பன்முகத் திறமை' என்ற எழுத்துகளுக்கு அடியில் 'வாடகைக்கு' என்பது லேசாக எட்டிப் பார்த்தது.

"பொண்ணுக்கு என்னென்ன தெரியும்?"

"நல்லா படிப்பா."

"அது எல்லாரும் படிக்கறாங்கம்மா. குதிரை ஏறுவாளா?"

"சைக்கிள் ஏறுவா."

"நீச்சல்? செஸ்? ஏதாவது வாத்தியம் வாசிப்பாளா? பியானோ வாசிக்கற விரல் ஆபரேஷனுக்கு நல்லதுன்னு பேசிக்கறாங்க."

"தையல் மெஷின் ஓட்டுவா சார். ஆபரேஷன் முடிஞ்சு கடைசியில தையல்தானே போடறாங்க?"

"அது தொழில்மா. பிழைக்கறதுக்குச் செஞ்சா தொழில், பிறத்தியாருக்குக் காட்டறதுக்குச் செஞ்சா திறமை. அதை வெளியில சொல்லிடாதீங்க." புரோக்கர் பெருமூச்சு விட்டார். "இப்ப நோயாளிக்குத்தான் தட்டுப்பாடு. முதியோர் இல்லம் பூரா சேவை செய்யற பிள்ளைங்க நிரம்பி வழியறாங்க. ஒரு பெரியவருக்கு மூணு பொண்ணுங்க மாறி மாறித் தலை சீவி, இருந்த நாலு முடியும் போச்சு. அவரு பாவம், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்காரு. ஆனா…" என்று குரலைத் தாழ்த்தினார். "உங்க கையில அருமையான சொத்து ஒண்ணு இருக்கு."

"எங்க மாமனாரா?"

"வலது பக்கப் பக்கவாதம். தெளிவான பேச்சு. காத்தோட்டமான முன்னறை. பஸ் நிறுத்தத்துக்கு எதிர்லயே. இந்த மாதிரியெல்லாம் மார்க்கெட்டுக்கே வர்றதில்லம்மா! உங்க எதிர்வீட்டு வக்கீலம்மாவுக்கு ஒரு அத்தை இருக்காங்க இல்ல? இடுப்பெலும்பு உடைஞ்சு படுக்கையில. அவங்க பொண்ணும் உங்க பொண்ணு வகுப்புதான். அவங்களுக்கும் இதே தலைவலி. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்தச் சாயங்காலமே வக்கீலம்மா ஒப்பந்தத்தோடு வந்துவிட்டாள். கோர்ட்டுக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"படிக்கறேன், கேட்டுக்குங்க டைலரம்மா. முதல் தரப்பின் முதியவர் இரண்டாம் தரப்பின் மகளாலும், இரண்டாம் தரப்பின் முதியவர் முதல் தரப்பின் மகளாலும் கருணையுடன் கவனிக்கப்படுவர். இரு தரப்பும் தத்தம் முதியவரை நேர்காணல் முடியும்வரை நல்ல நிலையில், அதாவது நலமற்ற நிலையில், வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள்."

"தவறிட்டா?"

"தவறிட்டாப் பரவாயில்ல, அதுக்கு விதி இருக்கு. எழுந்து நடந்தாத்தான் சிக்கல். உங்க மாமனார் தேறிட்டா என் பொண்ணோட சேவை ரத்து. என் பொண்ணோடது ரத்தானா உங்க பொண்ணுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நமக்குள்ள என்ன, பச்சையாப் பேசிடறது நல்லது பாருங்க."

டைலரம்மா கையெழுத்துப் போட்டாள். உள்ளே மாமனாருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து தாத்தாவைத் தொடாத" என்றாள்.

*

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஐந்தடித்தால், இரண்டு பெண்களும் இரண்டு வீட்டிலிருந்தும் புறப்பட்டு, நடுத்தெருவில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துத் தலையாட்டிவிட்டு, எதிரெதிர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். இவள் அங்கே போய் அத்தையின் காலை நீவிவிட்டாள். அவள் இங்கே வந்தாள்.

வக்கீலம்மா மகளுக்குத் தெருவில் 'ஆல்ரவுண்டர்' என்று பேர். பாவம், நல்ல பெண்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போய்க்கொண்டே இருந்ததால், இன்னொரு மனுஷர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, செல்போனைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, பெரியவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

"இது யாரு?" என்றார் மாமனார்.

"எதிர்வீட்டுப் பொண்ணு மாமா. உங்களைக் கவனிச்சுக்க வந்திருக்கா."

"பாப்பா எங்க?"

"எதிர்வீட்டு அத்தைக்குக் காலு நீவிக்கிட்டிருக்கா."

"அந்தப் பொண்ணு அவங்க அத்தையைக் கவனிக்கட்டும், என் பேத்தி என்னைக் கவனிக்கட்டும். குறுக்கால எதுக்கு ஒரு தெரு?"

"அப்படிச் செஞ்சா அது பாசமாம் மாமா. செல்லாதாம்."

மாமனார் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர் ஆனதால், செல்லாது என்ற சொல்லை மட்டும் மதிக்கக் கற்றிருந்தார். "ஆகட்டும்" என்று கையை நீட்டினார்.

ஆல்ரவுண்டர் நகம் வெட்ட ஆரம்பித்தாள். "ஐயோ!" என்றார் மாமனார். "அம்மாடி, நகம் முடிஞ்சுபோச்சு, இப்ப நீ விரலுக்கு வந்துட்ட." சட்டை போட்டுவிட்டாள், மேல் பித்தான் கீழ்த் துளையில் ஏறி, அவர் கழுத்து ஒரு பக்கமாக நின்றது. ஆறுதலுக்காகத் தோளில் தட்டினாள். "மெதுவா! நான் என்ன தர்பூசணியா, தட்டிப் பார்த்து வாங்கறதுக்கு?"

"ஸாரி தாத்தா. கொஞ்சம் கண்ணு கலங்கறீங்களா? வீடியோவுக்கு."

"நகம் வெட்டும்போது கலங்குச்சே, அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

தெரு முழுக்க இதே கதைதான். இத்தனை நாள் பின்கட்டு அறையில் பழைய பெட்டிகளோடு பெட்டியாகக் கிடந்த பெரியவர்கள் எல்லோரும் முன்னறைக்கு வந்தார்கள். புதுப் படுக்கை விரிப்பு வந்தது. இரண்டு வியாதி உள்ளவர்களுக்கு மரியாதை கூடுதல். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காத ஒருவருக்காக இரண்டு சகோதரர்கள் சொத்துத் தகராறு மாதிரி அடித்துக்கொண்டார்கள். இத்தனை நாள் அவரை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அடித்துக்கொண்டவர்கள்தான். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "நேத்து வந்த பையனுக்கு முகத்துல இரக்கமே வரல. ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் வேற ஆள மாத்திக்குவேன்" என்று ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொண்டார்கள்.

டைலரம்மாவுக்கும் கை ஓயவில்லை. நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுத் தைக்கக் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பிறகு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் வெள்ளைக் கோட்டு வந்தது. பால்வாடிக் கோட்டுக்கு ஸ்டெதஸ்கோப் வைக்கப் பை வேண்டும் என்றார்கள். மூக்குத் துடைக்கவும் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

*

விதி விளையாடுவதற்கு விதிப் புத்தகம் எல்லாம் வேண்டியதில்லை.

பேத்தி இருந்தவரையில் மாமனாரின் கைக்கு வேலையே இருந்ததில்லை. அவர் நினைப்பதற்குள் பித்தான் போட்டிருப்பாள், கேட்பதற்குள் டம்ளர் வாய்க்கு வந்திருக்கும். ஆல்ரவுண்டர் வந்த பிறகு அப்படி இல்லை. உயிர் மேல் ஆசை இருந்தால் எல்லாவற்றையும் அவள் வருவதற்குள் தானே முடித்துவிட வேண்டும். ஐந்தடிப்பதற்குள் பித்தானைப் போட்டு முடிக்க வேண்டுமே என்று மத்தியானமே போராட ஆரம்பித்தார். முதலில் விரல் அசைந்தது. அப்புறம் மணிக்கட்டு திரும்பியது. ஒரு காலையில் டைலரம்மா முன்னறைக்கு வந்தபோது, மாமனார் வலது கையாலேயே தன் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

ரெண்டு வருஷமாக எந்தக் கைக்காக அவள் கும்பிடாத தெய்வமெல்லாம் கும்பிட்டாளோ அந்தக் கை. டைலரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில்தான் பொத்தினாள். பொத்திய கையை எடுப்பதற்குள் சந்தோஷம் போய்விட்டது.

"மாமா! யாராவது பார்த்தாங்களா?"

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை ஆபீஸர் நேர்ல பார்க்க வர்றாரு. நீங்க தேறிட்டீங்கன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணோடது ரத்து. அது ரத்தானா வக்கீலம்மா நம்ம பாப்பாவுக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்க. நேர்காணலுக்கே கூப்பிட மாட்டாங்க மாமா. பாப்பா டாக்டராகறது உங்க கையிலதான் இருக்கு."

"ரெண்டு வருஷமா கையைத் தூக்கு, தூக்குன்னு உயிரை வாங்கின. இப்பத் தொங்கப் போடச் சொல்ற."

"ஒரு நாளைக்குத்தான் மாமா."

அவர் கையைப் பார்த்தார். அப்புறம் பேத்தியின் புத்தகங்கள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தார். கை மெதுவாகக் கீழே இறங்கி நாற்காலியின் ஓரத்தில் தொங்கியது. "போதுமா? இன்னும் கொஞ்சம் கோணலா வேணுமா?"

வெள்ளிக்கிழமை அதிகாரி தோல் பையோடு வந்தார். பைக்குள் முத்திரையும் மைப்பெட்டியும். வக்கீலம்மா மகளோடு ஒரு பக்கம், டைலரம்மா மகளோடு மறு பக்கம்.

"பெரியவரே, கையைத் தூக்குங்க."

"முடியல சார்."

"ரொம்ப நல்லது. வலி இருக்கா?"

"இந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து இருக்கு."

"சேவைக்கு முன் வலி இல்லை, சேவைக்குப் பின் உணர்ச்சி திரும்பியுள்ளது" என்று அதிகாரி முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டார். பிறகு இரண்டு சான்றிதழையும் மேஜையில் விரித்து, முத்திரையை மையில் தொட்டு, பூனைக்குட்டியை இறக்கிவிடுகிற மாதிரி காகிதத்தின் மேல் வைத்தார். பாதி வட்டம் விழுந்தது. மறுபடி வைத்தார். விழுந்த பாதியின் மேலேயே இன்னொரு பாதி விழுந்தது.

மாமனாரின் நெற்றி நரம்பு புடைத்தது. டைலரம்மா அதைப் பார்த்துவிட்டாள். கண்ணால் கெஞ்சினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அதிகாரி மூன்றாம் தடவை முத்திரையைத் தலைகீழாகப் பிடித்தார்.

அவ்வளவுதான். வலது கை எழுந்தது. முத்திரையைப் பிடுங்கியது. மையில் ஒரு தட், காகிதத்தில் ஒரு தட், அடுத்த காகிதத்தில் ஒரு தட். முழு நிலா மாதிரி இரண்டு முத்திரை. "மணிக்கட்டுலேர்ந்து வரணும் சார்" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையை மறுபடி தொங்கப் போட்டார். முத்திரையோடு சேர்த்து.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இது… குணமான கை."

டைலரம்மாவுக்கு மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்று வக்கீலம்மா தொண்டையைச் செருமினாள். "சர்டிஃபிகேட்ல என்ன எழுதியிருக்கு?"

"நோயாளிக்கு வலது கை இயங்காதுன்னு."

"முத்திரை விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு."

"முத்திரை விழுந்தா அதுல உள்ளது உண்மைதானே?"

"அது சட்டம் இல்லீங்களா."

"அப்ப இந்தக் கை?"

அதிகாரி யோசித்தார். "இயங்காது."

"இயங்காத கை முத்திரை குத்துமா?"

"குத்தாது. சட்டப்படி குத்தினது நான்தான்." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் நிம்மதியாகச் சிரித்தார். பிறகு தோல் பையைக் குடைந்து, மற்ற தெருக்களின் சான்றிதழ்க் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "பெரியவரே, கையோட கையா இதையும்…"

அன்றைக்கு மாமனார் இருட்டுகிறவரை குத்தினார். பால் பொங்கியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

*

நேர்காணல் அன்றைக்குக் கல்லூரித் தாழ்வாரத்தில் வெள்ளைக் கோட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பாதிக்கு மேல் டைலரம்மா தைத்தவை. யார் தோளில் இழுக்கிறது, யார் கையில் தொளதொளக்கிறது என்று பார்த்தே அவள் நேரத்தைப் போக்கினாள். உள்ளே போய் வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அந்தக் கணம் என் வாழ்க்கையை மாற்றியது. குழுத் தலைவர் கொட்டாவியை மறைக்கிற சிரமத்தைக்கூட விட்டுவிட்டாராம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னாள்:

"என்னையும் அதேதாம்மா கேட்டாங்க. நானும் அதேதான் சொன்னேன். அப்புறம் தலைவர், 'உங்க வீட்ல முடியாதவங்க யாராவது உண்டா'ன்னு கேட்டாரு. தாத்தான்னு சொன்னேன். 'அவரை யாரு கவனிக்கறது?' எதிர்வீட்டுப் பொண்ணுன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! அதையா சொன்ன?"

"பொய் சொல்ல வரலம்மா. 'நீ கவனிக்கறதில்லையா'ன்னாரு. இல்ல சார், தொடக் கூடாதுன்னுட்டாங்க, அந்த நேரத்துல எதிர்வீட்டு அத்தையைக் கவனிக்கறேன்னு சொன்னேன்."

டைலரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரெண்டு வருஷப் படிப்பு, ஒப்பந்தம், மாமனாரின் நடிப்பு எல்லாம் பஸ்ஸின் ஜன்னல் வழியே பறந்து போவது தெரிந்தது. "அப்புறம்?"

"அவர் எழுந்து நின்னுட்டாரும்மா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மத்தவங்ககிட்ட சொன்னாரு: 'பார்த்தீங்களா? சொந்தத் தாத்தா படுத்துக் கிடக்க, அவரை விட்டுட்டு அடுத்த வீட்டுக்கு ஓடியிருக்கா. இதுவல்லவோ தன்னலமில்லாத கருணை! இதைத்தான் இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருக்கோம்.' முழு மார்க் போட்டுட்டாங்க."

"கண்ணு!" டைலரம்மா பஸ் என்றும் பாராமல் மகளைக் கட்டிக்கொண்டாள். மகள் சிரிக்கவில்லை. "தாத்தாவுக்கு நகம் வளர்ந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

"அவரே வெட்டிக்கறாரு. நீ உடம்பைக் கவனி."

ஆல்ரவுண்டருக்கும் இடம் கிடைத்தது. இரண்டு பெண்களும் ஒரே நாளில் விடுதிக்குப் போனார்கள். தெருவே திரண்டு வழியனுப்பியது. இரண்டு முதியவர்களையும் ஜன்னலோரமாக நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள்.

*

அடுத்த அறிவிப்பு வருவதற்கு அதிக நாள் ஆகவில்லை. "கருணையின் வரத்து மிகுந்து தரம் குன்றிவிட்டமையால், இவ்வாண்டு முதல் அதற்கு மாற்றாகத் தலைமைப் பண்பு மட்டுமே கருதப்படும்."

புரோக்கர் பலகைக்கு மறுபடி வர்ணம் அடித்தார். தெருவுக்கு ஏழெட்டுச் சங்கங்கள் முளைத்தன. எல்லாப் பிள்ளைகளும் தலைவர்கள். உறுப்பினர் மட்டும் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. பெரியவர்கள் பின்கட்டு அறைக்குத் திரும்பினார்கள். புது விரிப்புகளை மடித்து வைத்துவிட்டார்கள், எந்த வருஷம் எந்த விதி வருமோ என்று.

எதிர்வீட்டில் வக்கீலம்மா காலையில் கோர்ட்டுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அத்தை தனியாகக் கிடந்தாள். ஒருநாள் அவளுடைய டம்ளர் உருண்டு ஓடுகிற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. மாமனார் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துத் தெருவைக் கடந்து, உள்ளே போனார். டம்ளரை எடுத்துக் கொடுத்து, பேப்பர் படித்துக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

ஒரு வாரம் தெரு பொறுத்துக்கொண்டது. அப்புறம் வாயைத் திறந்தது.

"அவங்க என்ன உங்களுக்குச் சொந்தமா?" என்று டைலரம்மாவிடம் துணி கொடுக்க வந்தவள் கேட்டாள்.

"இல்லீங்க."

"பணம் காசு ஏதாவது…?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்குப் போறாரு?" வந்தவள் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த வயசில் என்ன உறவு என்று ஒரு கூட்டம். அத்தை பேரில் இருக்கிற வீட்டின் மேல் கண் என்று ஒரு கூட்டம். வக்கீலம்மா கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கலாமா என்று யோசித்தாள். சரிபார்ப்பு அதிகாரி நேரிலேயே வந்து, "அனுமதி பெறாத சேவைன்னு புகார் வந்திருக்கும்மா. மேற்பார்வை இல்லாம கருணை காட்டறது விதிமீறல்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

டைலரம்மா பயந்துபோய் விடுதிக்குப் போன் போட்டாள். மகளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"தினமும் போறாராம்மா? யாரும் சொல்லாமலா?"

"ஆமாண்டி."

"காரணமே இல்லாம?"

"அதான் கேக்கறேன்."

மகள் புத்தகம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்மா. பக்கவாதம் வந்தவங்களுக்குப் பின்னாடி நடத்தையில மாற்றம் வரும்னு பாடத்துல இருக்கு. வெச்சிடறேன்."

அன்று சாயங்காலம் ஐந்தடித்தது. மாமனார் செருப்பை மாட்டினார். வாசலை மறித்துக்கொண்டு டைலரம்மா நின்றாள். பின்னால் படியில் தெருவே நின்றது.

"மாமா, மறைக்காம உண்மையைச் சொல்லுங்க. நீங்க எதுக்காகத்தான் தினம் அங்க போறீங்க?"

மாமனார் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வரிசையாகக் காத்து நிற்கிற முகங்களைப் பார்த்தார். என்ன சொன்னாலும் இவர்களுக்குச் செல்லாது என்று அவருக்குப் புரிந்தது.

"மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூவுக்கு" என்றார்.

தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் நிம்மதியாக மூச்சு விட்டது. படியில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்து இறக்கியும் விட்டார்.

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா மாமா?" என்றாள் டைலரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாங்க என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டோம்!"